மிதந்தவை

இருபத்து மூன்று நாளாகப்
புள்ளிக்கோழி முட்டையிடவில்லை.
கொண்டை வெளுத்து
சாயம்போன துணியாய் ஒருபக்கம் சரிந்திருந்தது.
தூக்கினால் நெஞ்செலும்பு கையை அறுத்தது.
தீனியில் குறை வைக்கவில்லை:
கம்பு, ரேஷன் அரிசி, மீந்த களி.
தின்பதெல்லாம் யாருக்குப் போகிறதென்று
சந்தேகம் வராமல் இருக்குமா?
பன்னிரண்டு வருடமாக
ஆற்காடு சாலைப் பரிசோதனைக் கூடத்தில்
ஊரார் மலத்தைக் கண்ணாடித் துண்டில்
தேய்த்துப் பார்க்கிறவள் நான்.

செவ்வாய் காலை
காலி மாத்திரை டப்பாவில் எச்சம் எடுத்து
சாப்பாட்டில் படாமல் பையில் வைத்து
ஓட்டேரியில் பஸ் ஏறினேன்.
யாரும் முகம் சுளிக்கவில்லை.
வேலூர் பஸ்ஸில் பாதிப் பேர்
எதையாவது டப்பாவில்தான் கொண்டுபோகிறார்கள்.

கடைசி நோயாளி போனபின்
உப்பை, இனிக் கரையாது எனும்வரை கரைத்து
எச்சத்தைக் கலந்து வடிகட்டிக்
குழாயின் விளிம்புவரை ஊற்றி
மேலே மெல்லிய கண்ணாடி மூடினேன்.
இருபது நிமிடம்.
கனத்தது கீழே தங்கும்.
முட்டைகள் மிதந்து வந்து ஒட்டும்.

ஒட்டின.
நீள்வட்டம், வழவழத்த தடித்த ஓடு.
நூற்று நாற்பதில் எண்ணுவதை நிறுத்தினேன்.
முட்டை இல்லையென்று யார் சொன்னது?
என் கோழிக்குள் உட்கார்ந்து
யாரோ ஓயாமல் இட்டுக்கொண்டிருந்தார்கள்.

கால்நடை டாக்டர் தராசில் வைத்தார்.
ஒன்றே கால் கிலோ.
"கண் அளவுல ஊத்தாதீங்க" என்று சொல்லி
மருந்தின் அளவு, மறுமுறைக்குத் தேதி,
எத்தனை நாள் முட்டையை யாரும் தின்னக்கூடாது,
மூன்றையும் சீட்டில் எழுதினார்.
வாசல்வரை வந்தவளைக் கூப்பிட்டுக் கேட்டார்:
"அந்த எடத்துல வேற யார் கோழி மேயுது?"

பூங்காவனத்தின் கோழி, பதினொன்று.
சாக்கடை யார் பக்கம் ஓடுவதென்ற சண்டையில்
அவளோடு பேசி ஒரு வருடத்துக்கு மேல்.
கோழிகள் அந்தச் சண்டையில் சேரவில்லை.
அங்கே தின்று இங்கே கழியும்.
இங்கே கிளறி அங்கே அடையும்.
என் ஏழுக்கு மட்டும் மருந்தென்றால்
பாலாற்று மணலில் ஊற்றிய குடம்தான்.

ராத்திரி எட்டரைக்குக் கதவைத் தட்டினேன்.
"இன்னா?" பாதிக் கதவு.
வழியெல்லாம் கோர்த்துவந்த வாக்கியங்கள் கழன்றுபோய்
"உங்கோயி வயித்துலயும் பூச்சி இருக்கும்" என்றேன்.
"உங்கோயிதான் குப்பையில மேயுது."
போனில் படத்தைக் காட்டினேன்.
விரலால் விரித்து, விரித்துப் பார்த்தாள்.
"அய்ய. இவ்ளோவா."
பிறகு, என்னைப் பார்க்காமல்,
"போன மாசம் செவலைப் பெட்ட செத்துச்சே,
நீதான் ஏதோ வச்சிட்டேன்னு நெனச்சேன்."
புள்ளி வாடியபோது
நானும் அதையே நினைத்தேன்.
சொல்லவில்லை.

சனிக்கிழமை விடியுமுன்
தண்ணீர்க் கிண்ணங்களைக் கவிழ்த்துவிட்டோம்.
தாகம் வந்தபின் மருந்துத் தண்ணீர்.
குடிக்காத சேவலை அவள் அமுக்கிப் பிடிக்க
நான் அலகோரம் சொட்டுச் சொட்டாக விட்டேன்.
மறுநாள் கூண்டடியில்
வெள்ளை வெள்ளையாய், சில இன்னும் நெளிந்தபடி.
"இனிமே சேமியாவே வாங்க மாட்டேன் போ" என்றாள்.
வாரிக் கொளுத்தினோம்.
பழைய உமியை அள்ளிச் சுண்ணாம்பு தூவி
மேல்மண்ணைக் கொத்திப் புரட்டிப் போட்டோம்.
வருடமெல்லாம் நான் வைத வெயிலை
முதல்முறையாக வேலைக்குக் கூப்பிட்டேன்.
கூலி கேட்காமல் வந்தது.

பத்தாம் நாள் புள்ளி கொக்கரித்தது.
கையில் சூடாய் ஒரு முட்டை.
சீட்டுப்படி இன்னும் நான்கு நாள்.
பள்ளம் தோண்டிப் புதைத்தேன்.
"பாவி" என்றாள் பூங்காவனம்,
தன் மடியிலிருந்து மூன்றை எடுத்து
அதே பள்ளத்தில் போட்டபடி.

இரண்டாம் தவணைக்கு முந்தின நாள்
எச்சத்தை மறுபடி மிதக்கவிட்டேன்.
மூன்று.
ஒன்றுமில்லை என்று எழுத ஆசைதான்.
டாக்டர் சொன்னார்:
"ஈரமான மண்ணுல அது மாசக்கணக்கா உசிரோட கெடக்கும்."
அவரிடம் கேட்டதை அப்படியே அவளிடம் சொன்னேன்.
தோட்டம் முழுக்கக் காய்ந்து வெடித்திருந்தது.
ஒரு ஓரத்தைத் தவிர.
இருவரும் ஒரே நேரத்தில்
சாக்கடையைப் பார்த்தோம்.